சாவி இரண்டு, எலி இருபது: டெல்டாவில் புது எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்கு

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் கிராமம், அண்ணன் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பி டீசல் எஸ்யூவி எடுத்து இரண்டு மாதம் ஆகிறது, ஷெட் இல்லாததால் வண்டி வாசலில்தான் நிற்கிறது. பட்டன் ஸ்டார்ட் வண்டியை ஏதோ கருவி வைத்து ஒரு நிமிடத்தில் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று வீடியோ பார்த்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை, சாவியை எப்படி வைத்துக்கொள்வது, பராமரிப்பில் எதைக் கவனிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டி வாசலில் நிற்கும் படத்தையும் போட்டிருக்கிறீர்கள். படத்துக்கு அப்புறம் வருகிறேன்.

தம்பி, நான் திருவாரூர் பக்கம் 22 வருடமாக ஆட்டோ எலெக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக எனக்கும் ஒரு டீசல் எஸ்யூவி இருக்கிறது. கருவி வைத்துத் திருடப் பார்த்தார்கள் என்று என்னிடம் வந்த வண்டி இதுவரை ஒன்றுகூடக் கிடையாது. எலி கடித்து வந்த வண்டிகளை எண்ணுவதை விட்டுப் பல வருடம் ஆகிறது. மழைத் தண்ணீருக்குள் செல்ஃப் அடித்து இன்ஜினைக் கெடுத்துக்கொண்டவர்கள், ஒரு சாவியைத் தொலைத்துவிட்டு இன்னொன்றுதான் இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், பேட்டரி செத்தபோது கதவைத் திறக்கும் வழி தெரியாமல் கண்ணாடியை உடைத்தவர்கள், இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். அதனால் அம்மாவின் பயத்துக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் நீங்கள் பயப்பட வேண்டிய ஆள் வேறு.

சாவியிலிருந்து ஆரம்பிக்கலாம். அந்தக் கறுப்பு டப்பிக்குள் மூன்று சாவி ஒன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டனை அமுக்கினாலோ வண்டி அருகில் போனாலோ பேசுகிற ரேடியோ ஒன்று. இதற்குத்தான் பட்டன் செல் தேவை, பெரும்பாலும் சிஆர்2032, 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். அடுத்தது, செல்லே இல்லாமல் வேலை செய்யும் ஒரு துளி சிப். மூன்றாவது, பக்கத்தில் இருக்கும் சின்னக் கொக்கியைத் தள்ளினால் உருவிக்கொண்டு வரும் இரும்புச் சாவி. செல் தீர்ந்தால் படுத்துவிடுவது முதல் ஆள் மட்டும்தான். இரும்புச் சாவியால் டிரைவர் பக்கக் கதவைத் திறக்கலாம், துவாரம் சில வண்டிகளில் கைப்பிடி ஓரத்தில் பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். அப்படித் திறக்கும்போது சில வண்டிகளில் அலாரம் ஊரைக் கூட்டும், பயப்பட வேண்டாம், ஸ்டார்ட் ஆனதும் அடங்கிவிடும். உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவி டப்பியாலேயே ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் பல வண்டிகள் எடுத்துக்கொள்ளும். வேறு சிலவற்றில் சாவியைக் கன்சோலில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைக்க வேண்டும். உங்கள் வண்டியில் எது என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்து, இன்று சாயங்காலமே செல்லைக் கழற்றிவிட்டு ஒரு தடவை செய்து பாருங்கள். சும்மா படித்து வைத்தால் ராத்திரி 11 மணிக்கு நடுரோட்டில் ஞாபகம் வராது.

போன வருடம் ஒருவர் திருநள்ளாறிலிருந்து போன் பண்ணினார். நளன் குளத்தில் குளித்துவிட்டுப் பழைய துணியைக் கழற்றிப் போடும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இவரும் பேன்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது வேட்டி கட்டிக்கொண்டு சாமி பார்த்துவிட்டு வந்திருக்கிறார், சாவி பேன்ட் பையில். திரும்பிப் போனால் துணியை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். சனி விட்டதோ இல்லையோ, சாவி விட்டுப்போய்விட்டது. இரண்டாவது சாவி கும்பகோணத்தில் வீட்டு பீரோவில் இருந்ததால் மச்சான் எடுத்துக்கொண்டு வந்தார். வேளாங்கண்ணிக் கடல், ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிப் படித்துறை, எங்கே குளித்தாலும் சாவியைக் கரையில் இருக்கும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள். இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு முழுக்குப் போட்டவர்கள் கொண்டுவரும் சாவிகளைத் திறந்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும். நனைந்துவிட்டால் உடனே செல்லைக் கழற்றிவிட்டு, நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசி, இரண்டு நாள் நிழலில் காயவைத்துப் பாருங்கள், பல நேரம் பிழைத்துக்கொள்ளும். செல்லோடு வெயிலில் வைத்தால் கதை முடிந்தது.

பட்டன் ஸ்டார்ட்டில் இன்னொரு கூத்து இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாலும் இன்ஜின் நிற்காது, ஓட்டத்தில் நின்றால் ஆபத்து என்பதால் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பீப் பீப் என்று கத்தும், திரையில் எழுத்து வரும், அவ்வளவுதான். என் தங்கை மாப்பிள்ளை ஒரு நாள் மன்னை எக்ஸ்பிரஸ் பிடிக்க மன்னார்குடி ஸ்டேஷனில் இறங்கினார், சாவி அவர் சட்டைப்பையில். தங்கை அவசரத்தில் பீப் சத்தத்தைக் கவனிக்காமல் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்து கேட்டை மறித்தபடி நிறுத்தி அணைத்துவிட்டது. அப்புறம் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவி விடிந்ததும் எழும்பூர் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது சாவி எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்க மறுநாள் மத்தியானம் ஆனது, அதுவரை டிராக்டர் கொல்லைப்பக்கமாகத்தான் போய் வந்தது.

பழைய செல்லைக் கழற்றினால் குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் போடாதீர்கள். இது விளையாட்டில்லை. பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கி அது தொண்டைக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வெந்து புண்ணாகிவிடும். தீர்ந்துபோன செல்லிலும் அந்த அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும்.

சரி, திருட்டு. வீடியோவில் காட்டுவது பொய்யில்லை. வண்டி எப்போதும், சிலவற்றில் கைப்பிடியைத் தொடும்போது மட்டும், மெல்லிய குரலில் 'சாவி இருக்கிறதா' என்று கேட்கும். அந்தக் குரல் ஒன்று, இரண்டு மீட்டர் தூரத்துக்குத்தான் கேட்கும். சாவி அதைக் கேட்டால் உரத்த குரலில் பதில் சொல்லும். திருடர்கள் இரண்டு பேராக வருகிறார்கள், ஒருவர் வண்டி அருகில் நின்று அந்த மெல்லிய குரலைப் பிடித்து, வீட்டுச் சுவரோரம் நிற்கும் இன்னொருவரின் பெட்டிக்கு அனுப்புகிறார். உள்ளே ஆணியில் தொங்கும் சாவி, வண்டி பக்கத்தில்தான் நிற்கிறது என்று ஏமாந்து பதில் கொடுத்துவிடுகிறது. கதவு திறக்கிறது, வண்டியும் ஸ்டார்ட் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் ரகசிய எண் மாறுகிறதே என்று கேட்பீர்கள், மாறித்தான் என்ன? இங்கே யாரும் எண்ணைக் காப்பி அடிக்கவில்லை, உங்கள் சாவியே அந்த நேரத்துக்கான சரியான பதிலைச் சொல்கிறது.

இதற்கு மருந்து செலவில்லாதது. நம் ஊரில் சாவி எங்கே தொங்கும்? நிலைப்படி தாண்டியதும் காலண்டர் பக்கத்தில் ஆணியில். வண்டிக்கும் அதற்கும் எட்டடி இருக்காது. அதை உள்ளறைக்கு மாற்றுங்கள். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவுக்குள் போட்டால் இன்னும் நல்லது, ஆனால் எல்லா டப்பாவும் தாங்காது, சோதிக்க வேண்டும். சாவியை டப்பாவில் போட்டு மூடி, டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக் கதவைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் அந்த டப்பாவில் வடகம் போட்டு வைக்கலாம், வேறு டப்பா பாருங்கள். கடையில் விற்கும் சிக்னல் தடுக்கும் பைக்கும் இதே சோதனைதான். இன்னொரு லாபமும் உண்டு, சாவி வண்டிக்கு மிக அருகிலேயே கிடந்தால் பல வண்டிகளில் இரண்டும் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருந்து இரண்டின் பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

சாவியே தேவைப்படாத வழி ஒன்றும் இருக்கிறது. 2022-ல் லண்டனில் ஒரு சைபர் பாதுகாப்பு ஆய்வாளரின் டொயோட்டா ராவ்4 வண்டியையே இப்படித்தான் தூக்கினார்கள். முன் பம்பரைப் பிரித்து, ஹெட்லைட்டுக்குப் போகும் வயரில் புளூடூத் ஸ்பீக்கர் மாதிரி இருக்கும் ஒரு கருவியை மாட்டினால், வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்ப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் லைனில் அது புகுந்து, சாவி உள்ளே இருக்கிறது என்று பொய் சொல்லிவிடும். இதை எவர்சில்வர் டப்பா தடுக்காது. தடுப்பது ஸ்டீயரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டுதான், அந்தக் காலத்துச் சங்கதி, ஆனால் கருவி வைத்திருப்பவனுக்கு அறுக்கும் வேலை பிடிக்காது. அம்மாவுக்கு அது கண்ணுக்குத் தெரியும் பூட்டாகவும் இருக்கும், தூக்கம் வரும். வாங்கி மாட்டுங்கள்.

கல்யாண மண்டப வாசலிலும் கோயில் பார்க்கிங்கிலும் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். ரிமோட்டை அமுக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பதுதான் பலருக்குப் பழக்கம். அந்த நேரத்தில் யாராவது சிக்னலை மறித்தால் கதவு பூட்டாமலே இருக்கும். இண்டிகேட்டர் மின்னியதா, கண்ணாடி மடங்கியதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். கைப்பிடியை இழுத்துப் பார்ப்பது இந்த வகை வண்டிக்குச் சரியான சோதனை இல்லை, சாவி உங்கள் பையில் இருப்பதால் பூட்டிய கதவும் உங்களுக்குத் திறக்கும்.

இப்போது இரண்டாவது சாவி. வண்டி எடுத்தபோது சாவியோடு ஒரு சின்னத் தகட்டில் எண் பொறித்துக் கொடுத்திருப்பார்கள், அதைப் படம் எடுத்து அண்ணனுக்கும் அனுப்பி வையுங்கள், பின்னால் இரும்புச் சாவி வெட்ட அந்த எண் வேண்டும். ஒரு சாவி தொலைந்தால் சும்மா இருக்கக் கூடாது, ஏன் என்று சொல்கிறேன். வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது இரண்டு ஒரிஜினல் சாவியையும்தான். ஒன்றுதான் இருக்கிறது என்றால், இன்னொன்று எங்கே, வண்டியிலேயே விட்டீர்களா என்று ஆரம்பித்து ஆறு மாதம் அலையவிடுவார்கள். அதனால் தொலைந்த அன்றே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள், இன்சூரன்ஸுக்கு ஒரு மெயில் போடுங்கள், சர்வீஸ் சென்டரில் தொலைந்த சாவியை வண்டியின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். புதுச் சாவி பதியும்போது மொத்தம் எத்தனை சாவி பதிவில் இருக்கிறது என்று ஸ்கேனர் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள். இந்த வகைச் சாவி பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுவது சகஜம், பாலிசியில் சாவிக்கென்று தனிச் சேர்க்கை உண்டு, சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் போட்டுக்கொள்ளலாம்.

இன்சூரன்ஸ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, இதில்தான் வெளிநாட்டிலிருந்து வண்டி எடுத்துக் கொடுக்கும் அண்ணன்மார் ஏமாறுகிறார்கள். 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான இன்சூரன்ஸ், கட்டாயம். ஆக 'மூணு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சு' என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான பாலிசிகளில் நம் வண்டிக்கு ஆகும் சேதம், திருட்டு, வெள்ளம் இதற்கான பகுதி ஒரே ஒரு வருடம்தான். அது முடிந்த தேதி தெரியாமல் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். இன்றே பாலிசியை எடுத்து இரண்டு தேதியையும் பாருங்கள்.

இனி படத்துக்கு வருகிறேன். வண்டிக்குப் பின்னால் வைக்கோல் போர் தெரிகிறது. பத்தடி இருக்குமா? தம்பி, உங்கள் திருடன் அங்கேதான் குடியிருக்கிறான்.

வயல் எலி நெற்கதிரை வளைக்குள் இழுத்துப்போய்ச் சேர்த்து வைக்கிற ஜாதி. வடகிழக்குப் பருவமழையில் வளைக்குள் தண்ணீர் ஏறினால் மேட்டுக்கு ஏறும், மேடு என்றால் வரப்பு, அப்புறம் போர், அப்புறம் வீடு. தை மாதம் சம்பா அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் இன்னொரு படை கிளம்பும். ராத்திரி பத்து மணிக்கு ஓட்டிவிட்டு நிறுத்திய வண்டியின் பானெட்டுக்குள் வெதுவெதுப்பு, இருட்டு, நாய் பூனை வர முடியாத சந்து, மெத்தைக்கு இன்ஜின் மூடியின் அடியில் பஞ்சு. எலிக்கு முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும், வயரின் மேலுறை அதற்குத் தோதான பதம். என்னிடம் வந்த ஒரு வண்டியின் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒரு படி நெல் இருந்தது, பொய் சொல்லவில்லை. வண்டிக்காரர் அதையும் ஒரு கவரில் வாங்கிக்கொண்டுதான் போனார்.

பழைய அம்பாசடரில் எலி கடித்தால் ஒரு வயரை முறுக்கி டேப் சுற்றினால் வண்டி கிளம்பும். இப்போதைய வண்டியில் அப்படி இல்லை. ஒரு சென்சார் வயர் அறுந்தால் டாஷ்போர்டில் ஐந்து விளக்கு எரியும், இன்ஜின் இழுக்காது, சர்வீஸ் சென்டரில் வயரிங் செட்டையே மாற்றச் சொல்வார்கள். எலி கடித்ததற்கு வாரண்டியும் கிடையாது. இன்சூரன்ஸில் கிடைக்குமா என்பது பாலிசியைப் பொறுத்தது, போடும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ன செய்யலாம்? எங்கள் பக்கம் வேதாரண்யம் புகையிலையை முடிச்சுக் கட்டி பானெட்டுக்குள் தொங்கவிடுவார்கள். நாலு நாள் எலி யோசிக்கும், அப்புறம் பழகிவிடும், சூடான புகைக்குழாயில் விழுந்தால் தீப்பிடிக்கும் ஆபத்துதான் மிச்சம். அந்துருண்டையும் அப்படித்தான், கூடவே ஏசி போட்டால் அந்த நாற்றம் உள்ளே வரும். சர்வீஸில் பில் போட்டு அடிக்கும் ஸ்ப்ரே ஒரு மழைக்கும் ஒரு வாட்டர் வாஷுக்கும் தாங்காது. ஹோண்டா கம்பெனி மிளகாயின் காரச் சத்தை ஏற்றிய ஒரு டேப் விற்கிறது, அதுபோல டேப் கிடைத்தால் முக்கியமான வயர்களில் சுற்றலாம், பலன் உண்டு. பானெட்டைத் திறந்து வைத்து மேலே ஒரு பல்பு போடுவது எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்கிறது, எலிக்குத் திறந்த இடம் பிடிக்காது. ஆனால் பானெட் திறந்திருந்தால் பல வண்டிகளில் அலாரம் விழித்துக்கொள்ளாது. அதனால் ஸ்டீயரிங் பூட்டு இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். கீழேயிருந்து ஏறும் சந்துகளில் துருப்பிடிக்காத கம்பி வலை கட்டலாம், சுழலும் பெல்ட்டையும் புகைக்குழாயையும் தொடாமல் கட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இதையெல்லாம் விட முதல் வேலை, வண்டியைப் போரை விட்டுத் தள்ளித் தெருப்பக்கம் நிறுத்துவது, அடியில் சிந்திய நெல், நாய்ச்சோறு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. வயலுக்கு எலி பிடிக்க வருகிறவரைக் கூப்பிட்டுக் கொல்லையோரம் நாலு தஞ்சாவூர்க் கிட்டி வைக்கச் சொல்லுங்கள், மூங்கில் வில் பொறியை நம் ஆட்கள் கண்டுபிடித்தது சும்மா இல்லை.

வண்டி நின்றுகொண்டே இருப்பது அடுத்த பிரச்சினை. அணைத்த பிறகும் அலாரம், சாவி கேட்கும் பெட்டி, செல்போன் ஆப்புக்கான சிம் எல்லாம் சொட்டுச் சொட்டாகப் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். மூன்று, நாலு வாரம் நின்றால் சில வண்டிகள் எழுந்திருக்காது. நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2-க்குக் கீழே போனால் கவலைப்படலாம். பலர் தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விட்டுவிட்டு அணைப்பார்கள். அது செல்ஃப் எடுத்த மின்சாரத்தைக்கூடத் திருப்பித் தராது, டீசல் வண்டிக்கு அதைவிடப் பெரிய கெடுதலும் செய்கிறது.

அந்தக் கெடுதல் டிபிஎஃப். 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி, அதனால் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. நல்ல வேகத்தில் சூடாக ஓடும்போது வண்டி அந்தக் கரியைத் தானே எரித்துவிடும், உள்ளே 600 டிகிரி வரைக்கும் போகும். நீங்கள் நீடாமங்கலம் பஜாருக்கும் கோயிலுக்குமாக மூன்று கிலோமீட்டர் ஓட்டினால் கரி சேருமே தவிர எரியாது. பாதி எரியும்போது அணைத்தால் எரிக்கத் தெளித்த டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது அந்தக் காலம், இப்போது ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை தஞ்சாவூர் போய், அங்கிருந்து திருச்சி நாலு வழிச் சாலையில் ஒரு இருபது நிமிடம் நிற்காமல் போய்த் திரும்புங்கள், பேட்டரிக்கும் ஆச்சு, டிபிஎஃப்புக்கும் ஆச்சு. அம்மாவுக்குப் பெரிய கோயில் தரிசனமும் ஆச்சு.

சாலையில் காயப்போட்ட வைக்கோலின் மேலும் உளுந்துக் கொடியின் மேலும் ஏற்றாதீர்கள். டயர் அச்சில் சுற்றிக்கொள்வது ஒரு பக்கம், அடியில் மாட்டிய சருகு அந்தச் சூட்டில் பற்றிக்கொள்வது இன்னொரு பக்கம். வேறு வழியில்லாமல் ஏறிவிட்டால் தாண்டியதும் நிறுத்தி, குனிந்து பார்த்து, உருவிப் போட்டுவிட்டுப் போங்கள். அறுவடை நேரத்தில் மெஷின் ஓடும் வயலோரம் போனால் சுணை ஏசி ஃபில்டரில் அப்பிக்கொள்ளும், வருடத்துக்கு ஒரு முறை என்று புத்தகத்தில் இருந்தாலும் நமக்கு இரண்டு முறை வேண்டும்.

உங்கள் வண்டிக்கு டெஃப் என்ற, புகையைச் சுத்தம் செய்யும் திரவம் ஊற்றும் டேங்க் இருந்தால், அதில் இருப்பது 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். யூரியாதானே, நம்மிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறதே என்று ஒருவர் கரைத்து ஊற்றிவிட்டு வந்தார். 2015-லிருந்து நம் நாட்டில் தயாராகும் விவசாய யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசியது. நெல்லுக்கு நல்லது, ஊசித்துளை அளவு நாசிலுக்குச் சமாதி. மானிய யூரியாவை வேறு வேலைக்கு எடுப்பதும் குற்றம். பங்க்கில் கேனாகக் கிடைக்கிறது, வாங்கி ஊற்றுங்கள், டீசல் டேங்கில் மட்டும் மாற்றி ஊற்றிவிடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோட்டில் ஓடும்போது, முன்னால் போகும் பஸ்ஸைப் பார்த்துத் தைரியப்பட வேண்டாம். தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பட்டனைத் தொடவே கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் முட்டினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதற்குச் சாதாரண பாலிசி பணம் தராது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனிச் சேர்க்கை போட்டிருக்க வேண்டும். நம் பகுதிக்கு நான் அவசியம் என்று சொல்லும் ஒரே சேர்க்கை அதுதான். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்த அன்று தென்னை விழுந்து நசுங்கிய கார்களை நிறையப் பார்த்தேன், மழை மாதத்தில் தென்னைக்கு அடியில் நிறுத்துவதைத் தவிருங்கள்.

வேளாங்கண்ணி, கோடியக்கரை போய்வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவ வேண்டும். கடலோரத்தில் பல இடங்களில் போர்வெல் தண்ணீரே உப்பு, அதில் கழுவினால் கழுவாமலே இருந்திருக்கலாம்.

பூஜை போடுங்கள், எலுமிச்சம்பழம் நசுக்குங்கள், நானும் செய்தேன். ஆனால் முன்கண்ணாடி மேலே இருக்கும் கேமராவுக்கு நேராகச் சந்தனம் வைத்து, முன்பக்க ரேடாருக்கு மேல் மாலையும் திருஷ்டிக் கயிறும் தொங்கவிட்டால் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி வேலை செய்யாது என்று திரையில் எழுத்து வரும். ஆயுத பூஜைக்கு மறுநாள் எனக்கு வரும் பாதி போன் இதுதான். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கடைசியாக என் தொழில் ஆதங்கம். கூடுதல் லைட், பெரிய ஹாரன், கூலிங் ஃபேன் என்று எது போட்டாலும் வயரை வெட்டி ஒட்டு போடும் கடையில் போடாதீர்கள். கம்பெனி கனெக்டரில் செருகும் ரிலே செட் கிடைக்கிறது. வெட்டிய இடத்தைப் பார்த்தால் வாரண்டியைக் கைவிரிப்பார்கள், அதில் நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன், ஈரம் இறங்கி ஒட்டுப் பச்சை பிடித்து கேன் லைன் குழம்பிய வண்டியில் நானே மூன்று நாள் தேடியிருக்கிறேன். முதல் சர்வீஸில் அடிப்பக்கப் பூச்சு, இன்ஜின் உள்சுத்தம் என்று நீட்டுவார்கள். உள்சுத்தம் புது வண்டிக்கு எதற்கு, வேண்டாம் என்று சொல்லுங்கள். அடிப்பூச்சு கடலோரத்துக்குப் பயன்படும், கதவடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைக்காமல் பூசுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மாடல் பெயர் எழுதவில்லையே, எழுதினால் சாவிக்கான பட்டன் செல் எது என்பதையும் சாவித் துவாரம் இருக்கும் இடத்தையும் சொல்கிறேன்.